பதினேழாவது பெயர்

தலைநகர் அக்ராவில் வக்கீலாக இருக்கும் எடினாம் ஊருக்கு வந்திருந்தாள். அவளுடைய தாய் மாவுசி, சோளக்களியில் வெண்டைக்காய்ச் சாறு ஊற்றினாள்.

“கோர்ட்டுக்குப் போகாம வழக்கைத் தீர்த்து வைக்கிற நடுவர் பதவின்னியே, என்னடி ஆச்சு?”

“கிடைச்சுதும்மா. ஒன்பது வருஷமா பெரிய நடுவர்களுக்குக் குறிப்பெழுதியே கை தேஞ்சவளுக்கு முதல் வழக்கு.”

“அப்புறம் ஏன் முகம் வாடியிருக்கு?”

“வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்.”

“பைத்தியமா உனக்கு? பயந்துட்டியா?”

“கோக்கோ கம்பெனி மேல விவசாயிங்க போட்ட வழக்கும்மா. பட்டியல்ல பதினேழாவது பேரு உன்னோடது.”

மாவுசி கரண்டியை வைத்தாள்.

“என் பேரை அடிச்சிடச் சொல்லட்டுமா?”

“வேணாம். உன் நியாயத்தை நீ கேளு.”

“உன் இடத்துக்கு யாரு வர்றாங்க?”

எடினாம் களியைப் பிட்டாள், வாயில் வைக்கவில்லை.

“லண்டன்லேர்ந்து ஒருத்தர். எப்பவும் வர்றவர்தான்.”