அறுந்த வேரின் ஈரம்

ஆகஸ்ட் வெயிலில், அலென்தேஜு வட்டாரத்தில் இருக்கும் எங்கள் மேட்டு நிலம் முழுக்க வைக்கோல் நிறம். மூன்று குளிர்காலங்களுக்கு முன் நாங்கள் நட்ட தக்கை ஓக் கன்றுகள் இலைகளை உதிர்த்துவிட்டு முழங்கால் உயரக் குச்சிகளாக நிற்கின்றன. வரிசையின் முனையில், உழ வந்திருக்கும் பக்கத்து வீட்டுப் பல்தசாரின் டிராக்டர் உறுமுகிறது. "எல்லாம் செத்துப்போச்சு, தியோலிந்தா. உழுதுடலாம்," என்கிறார் என் கணவர் விர்ஜிலியோ. "இலைதான் போயிருக்கு," என்கிறேன். "இதுக வளந்து தக்கைக்குப் பட்டை உரிக்க இருபத்தஞ்சு வருஷமாவது ஆகும். அப்போ நம்மள யாரு கல்லறையிலருந்து கூப்பிடுவா?" என்கிறார் அவர். பல்தசார் சிரிக்கிறான். "கூப்பிட்டா மட்டும் எந்திரிச்சிருவியா? உயிரோட இருக்கப்பவே பத்து மணி ஆகுது உனக்கு!"

என்னை நம்பவைக்க விர்ஜிலியோ ஒரு கன்றைப் பிடித்து இழுக்கிறார். வரவில்லை. பல்லைக் கடித்து மறுபடி இழுக்க, வேர் பாதியில் அறுந்து வருகிறது. அந்தப் பாதியே குச்சியைவிட நீளம். அறுந்த இடம் வெள்ளையாக, ஈரமாக மின்னுகிறது. இலைகளை விட்டுக்கொடுத்து, இருந்த ஈரத்தையெல்லாம் அது கீழே வைத்திருந்திருக்கிறது. இந்தக் கோடை முழுவதும் நான் அவரிடம் அதிகம் பேசவில்லை. அதையும் இப்படித்தான், செத்துப்போனதாக நினைத்தாரோ? அவர் அந்த ஈரத்தை விரலால் தொடுகிறார். பிழைக்காது என்று தெரிந்தும் கன்றைக் குழியில் வைத்து மண்ணைத் தள்ளி மூடுகிறார். டிராக்டரை நிறுத்தச் சொல்லிக் கையசைக்கிறார். சத்தம் அடங்கியதும், என்னைப் பார்க்காமலே, "ஏதாவது பேசேன், தியோலிந்தா," என்கிறார்.