நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மாலை வெயில் அவர் மடியிலிருக்கும் ஒலிநூல் கருவியின் மேல் சாய்ந்து கிடக்கிறது. கண் தெரியாத அவருக்கு அது விரல்களில் இளஞ்சூடாக மட்டும் தெரிகிறது. பொத்தானை அழுத்துகிறார். "பக்கம் நூற்றுப் பன்னிரண்டு" என்கிறது கருவி. வாக்கியம் வாக்கியமாகக் கேட்க அடுத்த பொத்தான், "வாக்கியம்". மனைவியின் குரல் வாசிக்கத் தொடங்குகிறது. போன மழைக்காலத்தோடு வீட்டில் ஓய்ந்துபோன குரல், இதற்குள் மட்டும் சளைக்காமல் கதை சொல்கிறது. ஒரு வாக்கியம், இரண்டு, மூன்று. விரல் நின்றுவிடுகிறது.

"என்னப்பா, காலையிலேருந்து அதே இடத்தையே போட்டுத் தேய்க்கிறீங்க?" என்கிறாள் துணி மடிக்கும் மகள்.

"இங்கதாம்மா உங்கம்மா படிக்கிறத விட்டுட்டுச் சிரிச்சா. 'ஏங்க, இந்தக் கதையில வர்ற பிடிவாதக்காரன் அப்படியே உங்கள உரிச்சு வெச்சிருக்கான்'னு மைக்குலயே சொன்னா."

மகளின் கையில் சட்டை பாதி மடிப்பில் நிற்கிறது. "எனக்குக் கேக்கலையே. இன்னொரு வாட்டி போடுங்க."

பார்வையற்றோருக்கான ஒலிநூலகத்தில், அவர் மனைவியைப் போன்றவர்கள் வாசித்துத் தரும் பதிவுகளைக் கேட்டுச் சுத்தம் செய்வது அவர் வேலை. இருமல், தாளின் சரசரப்பு, எதையும் விடமாட்டார். அந்தச் சிரிப்பையும் அவர்தான் வெட்டினார். வீட்டுக்காரிக்கென்று தனிச் சலுகை கிடையாது என்று பெருமையடித்துக்கொண்டார் வேறு. வெட்டாத பதிவை அன்றைக்கே அழித்தாயிற்று.

மறுபடி அழுத்துகிறார். மூன்றாவது வாக்கியம் முடிகிறது, நான்காவது தொடங்குகிறது. வெட்டிய தடமாவது கேட்காதா என்று கருவியைக் காதோடு ஒட்டிக்கொள்கிறார். ஒன்றுமில்லை. அவர் வேலையில் என்றைக்குமே குறை வைத்ததில்லை.