பாலத்தில் அறுபடும் காற்று

ஞாயிற்றுக்கிழமை காலை. பாம்பன் பாலத்தின் ஏற்றத்தில் அண்ணனும் தங்கையும் சைக்கிள் மிதிக்கிறார்கள். முன்னால் சதக், துபாயிலிருந்து விடுப்பில் வந்தவன். வாரந்தவறாமல் இந்தப் பாதையில் ஓட்டும் ஜஸீலா பின்னால். வலப்பக்கக் கடலிலிருந்து சோழகக் காற்று, அந்தத் தென்காற்று, தோளைப் பிடித்துத் தள்ளுகிறது. இருவரும் காற்றின் மேல் சாய்ந்தபடிதான் போகிறார்கள். சாயாவிட்டால் இடப்பக்கச் சுவரில் மோதவேண்டியதுதான். கீழே நாட்டுப் படகுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு ஆடுகின்றன. பின்னால் பஸ்ஸின் ஹாரன். ஜஸீலா நிமிர்கிறாள். பஸ் வலப்பக்கத்தை மறைத்தபடி அவளைக் கடக்கையில் காற்று சட்டென்று அறுபடுகிறது, டீசல் சூடு முகத்தில் அடிக்கிறது, பிறகு காற்று திரும்பி வந்து அறைகிறது. அவளுக்கு இது பழக்கம். சதக் இன்னும் சாய்ந்தே போகிறான். காற்று நின்றதும் பஸ்ஸின் மேல்தான் விழுவான். "காக்கா! நிமிருங்க! நிமிருங்க!" அண்ணனைப் பார்த்துக் கத்துகிறாள் ஜஸீலா. சொல் போய்ச் சேரவில்லை, சத்தம் மட்டும் சேர்கிறது. என்னவென்று பார்க்க அவன் வலப்பக்கமாகத் திரும்புகிறான். சைக்கிளும் கூடவே திரும்புகிறது. அவன் தோளுக்கும் பஸ்ஸின் பச்சைத் தகட்டுக்கும் நடுவே இருந்த வெளிச்சம் காணாமல் போகிறது. ஜஸீலாவின் கால்கள் நின்றுவிடுகின்றன. சக்கரம் மட்டும் டிக்டிக்கென்று சுற்றுகிறது. பஸ் விலகுகிறது. சுவரோரம் ஒற்றைக் காலை ஊன்றி நிற்கிறான் சதக். வெள்ளைச் சட்டையின் வலது கையில், தோளிலிருந்து முழங்கை வரை, பஸ்ஸின் அழுக்கு கோடாய் இழுத்திருக்கிறது. அவன் இன்னும் அதைப் பார்க்கவில்லை. "என்ன புள்ள, கூப்பிட்டியா?" ஜஸீலாவின் விரல்கள் பிரேக்கை விடமாட்டேன் என்கின்றன. "இல்லையே காக்கா."