பிசகாத டேஷ்போர்டு

திரையில் 640 என்று பச்சையாக எண் விழுந்ததும், தானே முட்டையிட்டதுபோல் ரகுநாத் கொக்கரித்தான்.

"நாளைக்கு அறுநூத்தி நாப்பது ஐஸ் பார் போதும்ப்பா. ஒண்ணு கூடாது, ஒண்ணு கொறையாது."

எதிரில் உட்கார்ந்திருந்த தங்கமுத்து தலையாட்டினார். ஜெகதாப்பட்டினத்தில் முப்பது வருடமாக ஐஸ் பிளாண்ட் நடத்துகிறவர். தண்ணீர் கட்டியாக உறைய ஒரு முழு நாள் பிடிக்கும். அதனால் நாளைக்குக் கடலுக்குப் போகிற விசைப்படகு எத்தனை என்பதை இன்றே கணித்தாக வேண்டும். கூடப் போட்டால் உருகிச் சாக்கடைக்குப் போகும். குறைந்தாலோ படகுக்காரன் அடுத்த பிளாண்டுக்குப் போய்விடுவான், அப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான்.

எம்.பி.ஏ. முடித்து வந்த மகன், சென்னைக் கம்பெனி ஒன்று தலையில் கட்டிய மென்பொருளை இறக்கிவைத்து, கண்ணாடி அறையும் ஏசியும் போட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டான். கடற்கரைப் பக்கம் எட்டிப் பார்ப்பதேயில்லை. ஷூவில் சேறு ஒட்டுமாம்.

முதல் வாரம் புயல் எச்சரிக்கை. படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்க, அந்த மென்பொருளின் டேஷ்போர்டுத் திரை தொள்ளாயிரம் பார் போடச் சொன்னது. தங்கமுத்துவுக்கு வயிறு எரிந்தது. பிறகு வெளியறையில் கம்ப்யூட்டர் பார்க்கும் மோகனப்ரியா ஏதோ செட்டிங்கை மாற்றினாள். அன்றிலிருந்து எண் பிசகியதே இல்லை.

அதிலிருந்து தொண்ணூறு எண் பிசகாமல் விழுந்தால் பிளாண்டை மகன் கையில் ஒப்படைப்பது என்று பேச்சு. இன்று எண்பத்தொன்பது. நாளை எண் விழுந்ததும் சாவிக்கொத்து கைமாறும். அந்த நினைப்பில் ரகுநாத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"இன்னொண்ணும் காட்டுறேன் பாருங்கப்பா." பொத்தானை அழுத்தினான். 'குறைக்க வேண்டிய செலவு' என்ற தலைப்பின்கீழ்ச் சிவப்பில் ஒரே ஒரு வரி வந்தது: அலுவலகத் துப்புரவு.

"இதான் டேட்டா சொல்ற முடிவு. மொகம் பாக்காது, தாட்சண்யம் பாக்காது."

மணியை அடித்து மூக்காயியைக் கூப்பிட்டான். விடியற்காலையில் படகுத்துறையில் இட்லி விற்றுவிட்டு, எந்தப் படகுக்கு மறுநாள் எத்தனை பார்சல் என்று கேட்டு மனதில் வாங்கிக்கொண்டு, அந்தக் கூடையோடே ஆபீஸ் கூட்ட வருகிறவள் அவள். சாம்பார் வாடைக்கு ரகுநாத் மூக்கைச் சுளித்தான்.

"ஒங்க வேலை இன்னையோட முடிஞ்சுதுங்க. சிஸ்டம் சொல்லிருச்சு."

"எட்டு வருசமா கூட்டுறேன் தம்பி. என்ன கொறை வச்சேன்?"

"என்ன கொறையா? போன மாசம் சர்வர் டவுனாகி நான் தலையப் பிச்சுக்கிட்டுக் கெடந்தேன். அந்த ரெண்டு நாளும் பாத்துத்தான் நீங்க அக்கா மக கல்யாணம்னு ஆலங்குடிக்குப் போனீங்க. ஆபீஸ் ஒரே குப்பை."

கதவோரம் நின்ற மோகனப்ரியா வாயைத் திறந்தாள். "சார், அவங்க போயிட்டாங்கன்னா…"

"நீ போயி கீபோர்டப் பாரு. டேட்டா பேசுறப்ப மனுசங்க குறுக்க பேசக்கூடாது."

எட்டு வருடத்து வேலை எட்டு நிமிடத்தில் போனது. மூக்காயி துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, "நல்லா இருங்க தம்பி" என்று கூடையை எடுத்துக்கொண்டு போனாள். தங்கமுத்துவுக்கு மனசு என்னவோ போலிருந்தது. ஆனால் பிசகாத ஒன்றை என்ன சொல்லி மறிப்பது?

மறுநாள் அவர் சலவை வேட்டியில் வந்து சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். ரகுநாத் புதுச்சட்டை போட்டிருந்தான். சாவி கைமாறுவதைப் போட்டோ எடுக்க செல்போனைக்கூடத் தயாராகச் சாய்த்து வைத்திருந்தான்.

தினமும் ஒன்பது மணிக்கே எண் விழுந்துவிடும். இன்று ஒன்பதேகால் ஆயிற்று. எண் விழவில்லை. ஒன்பதரைக்குப் பிளாண்டிலிருந்து ஆள் வந்து, எத்தனை பாருக்குத் தண்ணி ரொப்பணும் என்று கேட்டுவிட்டுப் போனான். ஒன்பதே முக்காலுக்கு மறுபடியும் வந்தான்.

ரகுநாத் நெட் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினான். சென்னைக்கு போன் போட்டான். "எங்க பக்கம் எல்லாம் கரெக்டாத்தான் சார் ஓடுது" என்றார்கள் அவர்கள். புதுச்சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

தங்கமுத்துவின் கை மெல்ல நகர்ந்து சாவிக்கொத்தின் மேல் உட்கார்ந்தது. அதைப் பார்த்ததும் ரகுநாத் வெளியறைக்குப் பாய்ந்தான். மோகனப்ரியா கீபோர்டில் கை வைக்காமல், கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த துடைப்பத்தையே பார்த்தபடி இருந்தாள்.

"மணி பத்தாகுது. இன்னும் ஏன் சிஸ்டம் வரல?"

அவள் எழுந்து நின்றாள்.

"சிஸ்டத்த நேத்து நீங்கதான சார் வேலைய விட்டு நிறுத்துனீங்க."