இரண்டு வரித் தாலாட்டு

"எம் பிள்ளையைக் குடைக்கம்பால அடிக்க அவரு யாரு?"

ஆவுடையாள் ஆச்சிக்கு ஆறவில்லை. ஜப்பான்காரன் குண்டுக்குத் தப்பி, பர்மாவிலிருந்து காடும் மலையுமாக நடந்து, முந்தாநாள்தான் மகன் வயிரவன் ஊர் வந்து சேர்ந்திருந்தான். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை பாதி ஆளாகத் திரும்பியிருந்தான். எண்ணெய் தேய்த்துவிடும்போதுதான் ஆச்சி முதுகுத் தழும்பைப் பார்த்தாள்.

அடித்தவர் ரங்கூன் கடை ஏஜெண்ட் நாச்சியப்பன். அதே ஊர், அடுத்த தெரு. கடையாட்கள் ஏழு பேரையும் அவர்தான் நடத்திக் கூட்டிவந்தார்.

"எனக்குக் காய்ச்சல் ஆத்தா. செத்த உக்காந்துக்கிறேன்னு சொன்னேன். எந்திரிடான்னு எல்லாருக்கும் முன்னால அடிச்சாரு. பதினெட்டு நாளும் இதேதான்."

"காய்ச்சல்காரனையா?"

"நான் பொழச்சது ஒன்னாலதான் ஆத்தா. பொழுது சாஞ்சா நீ வந்துருவே. என் தலையை மடியில வச்சுக்கிட்டு, கஞ்சியை ஊதி ஊதிக் குடுப்பே. நம்ம தாலாட்டைப் பாடுவே. கனவுதான். ஆனா அந்தக் கஞ்சி ருசி இன்னும் நாக்குல நிக்குது."

ஆச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. மகனுக்காகக் கோட்டை வயிரவர் சாமிக்கு நேர்ந்துகொண்டது வீண்போகவில்லை.

"ஒண்ணுதான் புரியலை. ரெண்டு வரிக்கு மேல பாடமாட்டே. திரும்ப மொதல்லேருந்து ஆரம்பிப்பே."

"நானா?"

ஆச்சிக்கு ரோஷமே வந்துவிட்டது. தலைச்சன் பிள்ளைக்காக அவளே கட்டிய தாலாட்டு அது. முழுசாகப் பதினாறு வரி. அவள் வாயைத் தவிர வேறு எங்கும் கேட்க முடியாது.

"அது கெடக்கட்டும். அந்த மனுசனை நாலு வார்த்தை கேட்டுட்டு வாரேன். நாளைக்குக் கோயில்ல இதைப் பொதுவுல வைக்கப் போறேன். இனிமே ஒரு பெத்தவளும் அவரை நம்பிப் பிள்ளையை அனுப்பக் கூடாது."

கோபத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினாள்.

நாச்சியப்பன் வீட்டு முற்றத்து வளவில் தொட்டில் கட்டியிருந்தது. இரண்டு காலிலும் துணி சுற்றிக்கொண்டு, வாசலுக்கு முதுகு காட்டி அவர் உட்கார்ந்திருந்தார். சுவரோரம் அந்தக் குடை சாய்ந்திருந்தது. அழுகிற பேத்தியைக் கரகரத்த குரலில் பாடி ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வைகாசித் தேர்பார்க்க வந்துதித்த வயிரவனே,
வாசலிலே யானைகட்டி வாராக அம்மான்மார்..."

அங்கே நின்றது. மறுபடியும் வைகாசித் தேர்.

ஆச்சி வாசற்படியிலேயே நின்று கேட்டாள்.

"அந்தப் பாட்டு ஒங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணே?"

அவர் திரும்பிப் பார்த்து வெட்கப்பட்டார்.

"வாங்க ஆச்சி. ஒங்க மகன்கிட்டக் கேட்டதுதான். காய்ச்சல்ல ஆத்தா ஆத்தான்னு அரற்றுவான். இந்த ரெண்டு வரியை மொனகுவான். மிச்சம் அவனுக்கு வரலை. எனக்கு வேற தாலாட்டும் தெரியாது. ராத்திரியில அவனைத் தூங்கவைக்க இதை வச்சே ஒப்பேத்துனேன்."

ஆச்சியின் கண் குடைப்பக்கம் போனதை அவர் பார்த்துவிட்டார்.

"அடிச்சேன் ஆச்சி, இல்லேங்கலை. பகல்ல உக்காந்தவங்க ஒருத்தரும் திரும்ப எந்திரிக்கலை. வழி நெடுகப் பாத்துக்கிட்டே வந்தேன். ராத்திரி தூங்காதவனும் மறுநாள் நடக்க மாட்டான். ரெண்டுக்கும் ஆளு நான் ஒருத்தன்தானே இருந்தேன்."

ஆச்சி தொட்டில் கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மூன்றாவது வரியிலிருந்து பாடினாள்.

"வந்தபின்னே எழுப்பிடுவேன், வளர்மணியே கண்ணுறங்கு..."

பதினாறாவது வரிக்கு முன்பே பிள்ளை தூங்கிவிட்டது. நாச்சியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் வயிரவன் காத்திருந்தான்.

"என்ன ஆத்தா, நல்லாக் கேட்டியா?"

"கேட்டேன்டா. எந்திரி, போவோம். ஒன் கனவுல வந்த ஆத்தா அடுத்த தெருவுல காலெல்லாம் புண்ணா உக்காந்திருக்காக. விழுந்து கும்பிட்டுட்டு வருவோம்."