பழத்துக்குச் சுங்கம்

"இதென்ன ராவுத்தரே, பட்டப்பகல்ல கொள்ளை!"

பெரிய ஆஸ்பத்திரி வார்டு வாசலில் ஒச்சம்மாள் போட்ட சத்தத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். துருக்கித் தொப்பிக்காரர் சேக் இஸ்மாயில் மட்டும் அசரவில்லை. அவள் கூடையிலிருந்த சிறுமலை வாழைப்பழத்தில் இரண்டைப் பிய்த்துத் தம் பையில் போட்டுக்கொண்டார்.

"கோவிக்காத, தங்கச்சி. உள்ள போ."

சம்பளம் வாங்காமல் நோயாளிகளுக்கு ஊழியம் செய்ய வருகிறவராம். பழம் கொண்டுவருகிற எல்லாரிடமும் இப்படித்தான் சுங்கம் பிடிப்பாராம்.

"வேலியே பயிரை மேயுற கதையால்ல இருக்கு!" என்று பொருமிக்கொண்டே உள்ளே நுழைந்தாள். நுழைந்ததும் கோபம் போய்ப் பயம் பிடித்துக்கொண்டது.

புருஷன் விருமாண்டி பொல்லாத ரோசக்காரன். வண்டிச் சக்கரம் ஏறி முறிந்த காலுக்குக் கட்டுப் போட்டிருந்தது. அசைத்தால் காலையே எடுக்க வேண்டியதுதான் என்று வெள்ளைக்கார டாக்டர் துரை எச்சரித்திருந்தார். அவனோ அவளிடம், "நாதியத்துக் கெடக்க மாட்டேன். நீ மட்டும் வராம இருந்து பாரு, கட்டைப் பிரிச்செறிஞ்சிட்டு நடந்தே ஊருக்கு வந்துருவேன்" என்றிருந்தான். சொன்னால் செய்துவிடுகிற ஆள்.

பாவி, அவள் எட்டிப் பார்த்தே வாரக் கணக்காகிவிட்டது. என்ன செய்வாள்? கடலையைப் பறிக்காமல் விட்டால் மழைக்குச் செடியிலேயே முளைத்துப்போகும். செக்கானூரணியிலிருந்து மதுரைக்கு நடந்து வந்து திரும்பினால் ஒரு பகல் பொழுது போச்சு.

கட்டிலில் விருமாண்டி இருந்தான். காலில் கட்டும் இருந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பியது.

"வா புள்ள. இன்னைக்காச்சும் நான் முழிச்சிருக்கையில வந்தியே!"

"என்ன சொல்றீக?"

"பின்ன? அம்புட்டுத் தூரம் நடந்து வாரவ, என்னைத் தட்டி எழுப்பினா என்ன? நான் மருந்து மயக்கத்துல தூங்குற நேரமாப் பாத்து, பழத்தைத் தலைமாட்டுல வச்சிட்டுப் போயிடுற. கண்ணு முழிச்சா, 'இப்பத்தானப்பா ஒம் பொஞ்சாதி வந்துட்டுப் போச்சு'ங்கிறாரு ராவுத்தரு."

ஒச்சம்மாள் வாசல் பக்கம் திரும்பினாள். சேக் இஸ்மாயில் வேறு யாருடைய கூடைக்குள்ளோ கையை விட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாளும் அவரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தாள்.

ஒச்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனிடம் சொன்னாள்:

"அசந்து தூங்குற மனுசனை எழுப்ப எனக்கு மனசு வருமா?"