சிரித்து முடித்த முகம்

நோய் எலும்புவரை இறங்கிய பிறகும் ரோஸ்லெட் வலிக்கிறது என்று சொன்னதில்லை. கணவன் தாசையன் கேட்டால் சிரிப்பாள். ஒரு காலையில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, தன் பழைய பிலிம் கேமராவை எடுத்தான். வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானியை அவள் கன்னத்தருகே பிடித்து, முள் நிற்கக் காத்திருந்தான்.

"அளந்தது போதும், எடுங்க," என்று அவள் சிரித்தாள்.

அவன் பொத்தானை அழுத்தினான். நாள்பட்ட ஷட்டர் சற்றுத் தயங்கித்தான் திறந்தது. அதற்குள் படம் எடுத்தாயிற்று என்று நினைத்து அவள் சிரிப்பை விட்டுவிட்டாள்.

ஸ்டுடியோவில் படத்தை வாங்கியவன் வாசலிலேயே நின்றுவிட்டான். வெளிச்சம் அளவாக விழுந்திருந்தது. பல்லைக் கடித்து, கண்கள் செருகி, வலியில் கோணியிருந்தது முகம். இத்தனை மாதம் பக்கத்திலேயே இருந்தும் அவன் பார்த்திராத முகம்.

அவன் வீட்டுக்கு வந்ததும், "நல்லா வந்திருக்கா?" என்று அவள் கேட்டாள்.

"வெளிச்சம் பத்தல. படம் விழல."

"அதுக்கென்ன, இன்னொண்ணு எடுங்க." சிரமப்பட்டு நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்தாள்.

அவன் கேமராவைத் தொடவில்லை. "சிரிக்காண்டாம், ரோஸு," என்றான்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"அந்தப் படத்தக் காட்டுங்க."